ஜமால் பாய் இப்ப வந்துடுவாரு

முதலில் வந்தவர் கையில் ஒரு மிக்ஸி இருந்தது.

"காயில் கட்ற பாய் இல்லியா?"

நான் என் கடைக்குள் யாருக்கோ ஒரு விண்ணப்பத்தை டைப் செய்துகொண்டிருந்தேன். தலையைக்கூடத் தூக்கவில்லை. "தொழுகைக்குப் போயிருப்பாரு. இப்ப வந்துடுவாரு. குந்துங்க."

எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பக்கத்துக் கடையின் ஷட்டர் முட்டி உயரத்துக்கு இறங்கியிருந்தது. மத்தியானத் தொழுகைக்குப் போகும்போது ஜமால் பாய் அப்படித்தான் இறக்கிவிட்டுப் போவார். பூட்டு கிடையாது. மிக்ஸிக்காரர் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாவதாக வந்தவர் மேஜை ஃபேனோடு வந்தார். அவரிடமும் அதையே சொன்னேன். அவர் குனிந்து ஷட்டருக்கு அடியில் எட்டிப் பார்த்தார். உள்ளே இருட்டு. வெளியே அடித்த வெயிலுக்கு யார் பார்த்தாலும் இருட்டாகத்தான் தெரியும்.

"உள்ள ஏதோ சத்தம் கேக்குதேம்மா?"

"கடல்காத்துங்க. இந்த ஷட்டரு அப்படித்தான் ஆடும்."

மூன்றாவதாக ஒரு இஸ்திரிப் பெட்டி வந்தது. அவரையும் உட்காரச் சொன்னேன். சாயங்கால அசர் தொழுகை முடிந்து, 'மத்தியானம் லுஹருக்கும் வரல, இப்பவும் வரல' என்று பள்ளிவாசலிலிருந்து ஒருவர் தேடி வந்து ஷட்டரைத் தூக்கினார். ஜமால் பாய் உள்ளேதான் இருந்தார்; அன்றைக்கு வெயிலுக்காக ஷட்டரை இறக்கியிருக்கிறார். ஸ்டூலுக்கும் ஷட்டருக்கும் நடுவே, ஒரு கையை வாசல் பக்கம் நீட்டியபடி குப்புறக் கிடந்தார். வார்னிஷ் டப்பா கவிழ்ந்து தரையெல்லாம் ஓடியிருந்தது.

விழுந்த உடனே உயிர் போயிருக்கும், யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். எல்லாரும் அதைக் கேட்டு ஆறுதல் அடைந்தார்கள். டாக்டர் அங்கே இல்லை. நான் இருந்தேன், ஒரு சுவருக்கு இந்தப் பக்கம்.

கண்ணாடி மனிதர்கள்

கப்பல் சாமான் கடையைப் பற்றிச் சில வாரங்களுக்கு முன் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு, 'அந்தத் தெரு இப்போது எப்படி இருக்கிறது?' என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நன்றாக இருக்கிறது அம்மா. கிரானைட் போட்டிருக்கிறார்கள். எல்லாக் கடைக்கும் ஒரே அளவில், ஒரே நிறத்தில், ஒரே எழுத்தில் போர்டு மாட்டியிருக்கிறார்கள். பிரியாணிக் கடைக்கும் பல் டாக்டருக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமானால் மூக்கை நம்ப வேண்டியதுதான்.

ராயபுரத்தில் துறைமுகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் தெரு எங்களுடையது. காற்று ஒரு நாள் மீனைக் கொண்டு வரும், ஒரு நாள் எண்ணெயைக் கொண்டு வரும். வடக்கிலிருந்து அடித்தால் மணலி ஆலைகளின் வாடை. பிறந்ததிலிருந்து மோந்ததால் எங்களுக்கு அது காற்று. வெளியூர்க்காரர்களுக்குத்தான் அது நாற்றம்.

தெருவை 'மாதிரிச் சாலை' ஆக்கப்போகிறோம் என்று ஒரு நாள் முனையில் பெரிய பேனர் வைத்தார்கள். கம்ப்யூட்டரில் வரைந்த படம். அகலமான நடைபாதை, வரிசையாக மரங்கள், பெஞ்சுகள். அதில் நடந்து போகும் மனிதர்களைப் பார்த்துத்தான் நான் நின்றுவிட்டேன். அவர்கள் கண்ணாடிபோல இருந்தார்கள். பின்னாலிருக்கும் கடை அவர்களின் உடம்புக்குள் தெரிந்தது. முகம் கிடையாது. ஒரு பெண் பையைத் தூக்கிக்கொண்டு, காலைத் தரையில் ஊன்றாமல் போய்க்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா இது, எல்லாம் செத்துப்போன ஆளுங்க மாதிரி கீது?" என்றார் எதிர்வரிசை டீக்கடை மாரி. என்னைவிட நாலு வயது பெரியவர். தெருவே என்னை 'டைப்பு அக்கா' என்பதால் அவருக்கும் நான் அக்கா.

எங்கள் பக்கத்து வரிசைக் கடைகள் முழுக்க ஒரு டிரஸ்டுக்குச் சொந்தம். நாங்கள் வாடகைக்கு இருப்பவர்கள். டிரஸ்டு ஆபீசில் கூப்பிட்டுச் சொன்னார்கள். கணக்கெடுக்க ஆட்கள் வருவார்கள். ஓடுகிற கடைக்குப் புது முகப்பு, புது போர்டு, அதே இடம். மூடிக்கிடக்கிற கடை இடிபடும். மின்சாரப் பெட்டி வைக்கவும் பெஞ்சு போடவும் இடம் வேண்டுமாம்.

ஜமால் பாய் போய் அப்போது பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

அவர் மனைவி ஹசீனாவைப் பார்க்கப் போனேன். இத்தா இருந்தாள். புருஷன் போனால் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது, அந்நிய ஆண்களைப் பார்க்கக் கூடாது. நான் பெண் என்பதால் அறைக்குள் விட்டார்கள்.

விஷயத்தைச் சொன்னதும் அவள் அழவில்லை. "அக்கா, இருபது வருசமா அந்தக் கடைல பாதி காயிலு நான் வூட்ல குந்திகினு கட்னதுதான். தெருவுல யாருக்கும் தெரியாது. இத்தா முடிஞ்சதும் நானே கடைய தொறந்து குந்திக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இடிச்சிடுவாங்களா?"

கடையை அவள் பெயருக்கு மாற்ற வாரிசுச் சான்று வேண்டும். அந்த விண்ணப்பத்தை எத்தனையோ பேருக்கு டைப் செய்தவள் நான். அது வந்து சேர எத்தனை மாதம் ஆகும் என்று எனக்குத் தெரியும்.

"யாரும் இடிக்க மாட்டாங்க. கடை தொறந்துதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. தைரியம் இல்லை. அந்த மத்தியானம்தான் என்னைச் சொல்ல வைத்தது.

என் கடை போட்ட வேஷங்கள்

வெளியாட்களுக்குப் புரியாத ஒரு பழக்கம் எங்கள் தெருவில் உண்டு. பக்கத்துக் கடை மூடியிருந்தால் 'மூடியிருக்கு' என்று சொல்ல மாட்டோம். 'இப்ப வந்துடுவாரு, குந்துங்க' என்போம். வந்த கிராக்கி வேறு தெருவுக்குப் போய்விடக் கூடாது என்பது ஒரு காரணம். லைசென்ஸ் பார்க்க வருகிறவரிடம் மாட்டிவிடக் கூடாது என்பது இன்னொன்று. சொல்லிச் சொல்லி, கேள்வி காதில் விழுமுன்பே பதில் வாயில் வந்துவிடும்.

வாட்ச் கடைக்காரர் இறந்து மூன்று வருஷம் கழித்தும், என் கடைக்கு அந்தப் பக்கத்து சலூன் தணிகா யாரிடமோ "இப்ப வந்துடுவாரு" என்று சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். கேட்டதற்கு, "அட, வாய் தன்னால சொல்லிடுச்சுக்கா" என்று சிரித்தான்.

கடைகள் மாறுவது இங்கே புதிதில்லை. கப்பலிலிருந்து கழித்துக்கட்டிய கம்பளியும் கயிறும் விற்ற இடத்தில் கேசட் கடை வந்தது, பிறகு செல்போன் உறை விற்கும் கடை வந்தது, இப்போது ரத்தம் எடுத்து சோதிக்கும் லேப் இருக்கிறது. கருவாட்டுக் கிடங்கு கேக் கடை ஆனது. புழுக்கமான நாளில் அந்தக் கடைக்குள் போனால் க்ரீமுக்கு அடியிலிருந்து கருவாடு எழுந்து வரும். கடைக்காரர் ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தார், பெயின்ட் அடித்துப் பார்த்தார், பாதிரியாரைக்கூடக் கூட்டி வந்தார். வாடை போகவில்லை.

என் கடையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். என் அப்பா டைப்ரைட்டிங் வகுப்பாக ஆரம்பித்தார். பிறகு எஸ்.டி.டி. பூத் ஆனது. பிரவுசிங் சென்டர் ஆனது. ஜெராக்ஸ் ஆனது. கடைசியில் ஆன்லைன் விண்ணப்பம். நாடக நடிகைகூட இத்தனை வேஷம் போட்டிருக்க மாட்டாள். என்ன வேஷம் போட்டாலும் சுவர் அதே சுவர். அந்தச் சுவருக்கு அப்பால் ஜமால் பாய் தட்டும் சுத்தியல் சத்தம்தான் எனக்கு முப்பது வருஷமாகக் கடிகாரம்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டைவிட அந்தச் சுவரோடு இருந்த நேரம்தான் அதிகம்.

சர்க்கரை இல்லாத டீ

ஆக, நாங்கள் மூன்று பேர் பேசி வைத்துக்கொண்டோம். நான், மாரி, தணிகா. காலையில் பாய் கடை ஷட்டரைத் தூக்குவது தணிகா. பதினோரு மணிக்கு டீ கொண்டு வருவது மாரி. உள்ளே உட்காருவது நான். என் கடையில் கிராக்கி வந்தால் தணிகா குரல் கொடுப்பான், எழுந்து போவேன்.

முதல் நாள் வாசலிலேயே நின்றேன். தரையைக் கழுவியிருந்தார்கள். ஆனாலும் வார்னிஷ் கறை ஒரு பக்கம் படிந்திருந்தது. அதை மிதிக்காமல் தாண்டி ஸ்டூலில் உட்கார்ந்தேன். எதிரே கொக்கியில் செம்புக் கம்பிச் சுருள்கள், மோட்டார் சோதிக்கிற குண்டு பல்பு, ஆணியில் அவருடைய வெள்ளைத் தொப்பி.

மாரி டீயை வைத்துவிட்டுப் போனார். வாய் வைத்ததும் தெரிந்தது, சர்க்கரை இல்லை. பாய்க்குப் போடும் டீயையே போட்டுக் கொண்டு வந்திருக்கிறார்.

"மாரி, இது இன்னா டீ?"

"ஐயோ, கை பயக்கம்க்கா. நாளைக்கு சக்கரை போட்டுத் தர்றேன்."

மறுநாளும் சர்க்கரை இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான் சொல்வதை விட்டுவிட்டேன். ஒரு மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் சர்க்கரை போட்ட டீயைக் குடித்தேன், குமட்டிக்கொண்டு வந்தது.

கிராக்கிகள் வந்தார்கள். மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார். "பாய் இல்லியா?" என்பார்கள். "வெளிய போயிருக்காரு, இப்ப வந்துடுவாரு. வச்சிட்டுப் போங்க, வியாழக்கிழமை வாங்க" என்பேன். யார் எப்போது வந்து கேட்டாலும் வியாழக்கிழமை என்று சொல்வது பாயின் வழக்கம். அது எப்போது என் வாய்க்கு வந்தது என்று தெரியவில்லை.

சாயங்காலம் மோட்டார்களைப் பையில் போட்டு ஹசீனாவிடம் கொண்டுபோவேன். அவள் அறைக்குள்ளேயே உட்கார்ந்து காயில் கட்டிக் கொடுப்பாள். அவள் விரல் போகும் வேகத்தைப் பார்த்தால் பாயே அவளிடம் கற்றுக்கொண்டிருப்பாரோ என்று தோன்றும். அதைச் சொன்னபோது இத்தாவிலும் சிரித்துவிட்டாள்.

"அவரு முடிச்சு போடறது பாத்துகிறியா நீ? ஏதோ லுங்கி கட்ற மாதிரி போடுவாரு. கடைசி சுத்து எப்பவும் இடது பக்கம்தான். சொன்னா கேக்க மாட்டாரு."

அப்போதுதான் வாய்வரை வந்தது. 'அன்றைக்கு மத்தியானம் ஒரு சத்தம் கேட்டது ஹசீனா, நான் காற்று என்று சொல்லிவிட்டேன்.' சொல்லியிருக்கலாம். மோட்டாரைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

பாதி கட்டிய காயில்

காத்திவாக்கத்திலிருந்து இறால் கொண்டு வந்து விற்கும் ஒரு அம்மாள் உண்டு. கூடையைத் தூக்கிக்கொண்டு பதினொன்றரைக்கு எங்கள் தெருவைத் தாண்டுவார். பாய் போய் இரண்டு மாதம் கழித்து ஒரு மேஜை ஃபேனைக் கொண்டு வந்தார். அப்போது நான் என் கடையில் ஒருவருக்கு ரேஷன் கார்டு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் ஃபேன் மேஜைமேல் இருந்தது, அந்த அம்மாள் தெருமுனை வரை போயிருந்தார். பின்னாலேயே ஓடினேன்.

"எப்ப வேணும்னு சொல்லாம போறீங்களே?"

"பாய்தான் வியாயக்கெயம வரச்சொன்னாரே!"

"எப்ப சொன்னாரு?"

"இப்பதாம்மா. உள்ள குந்திகினு கீறாரே" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

வயதானவர். பார்வை மங்கல். வெயிலிலிருந்து உள்ளே பார்த்தால் ஆணியில் மாட்டிய தொப்பி ஆளாகத் தெரிந்திருக்கும். பழைய பேச்சு ஏதாவது ஞாபகத்தில் இருந்திருக்கும். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் உள்ளே போனேன்.

அந்த ஃபேன் மோட்டார் நாலு நாள் மேஜையில் கிடந்தது. பிறகு ஹசீனாவிடம் கொண்டுபோனேன். அவள் திறந்து பார்த்தாள், ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இத்த யாரு கட்னது?"

"எதை?"

"பாதி காயிலு புதுசா கட்டிக்கீது. வார்னிஷுகூட காயல." விரலால் தொட்டு மூக்கில் வைத்துப் பார்த்தாள். "கடைசி சுத்து இடது பக்கம் போட்டுக்கீது."

நான் கட்டவில்லை என்றேன். எனக்குக் கட்டத் தெரியாது. முப்பது வருஷமாகச் சுவருக்கு அப்பால் சத்தம் கேட்டிருக்கிறேன், கொஞ்ச நாளாக ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ஹசீனா என் வலது கையைப் பிடித்து விரித்தாள். ஆள்காட்டி விரலில் கம்பி கிழித்த கோடுகள் இருந்தன. மெல்லிசாக, வரிசையாக, ஏழெட்டு. எப்போது கிழித்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

"இனிமே அங்க ரொம்ப நேரம் குந்தாதக்கா" என்றாள். அவள் குரலில் பயம் இருந்ததா, பொறாமை இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் வீட்டை விட்டு வெளியே வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

பயமாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மறுநாள் பதினோரு மணிக்குக் கால் அந்த ஸ்டூலுக்குத்தான் போனது. உட்கார்ந்தவுடன் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது உடம்பு சிலிர்க்கிறது.

வரிசை எண் ஏழு

கணக்கெடுக்க வந்த பெண்ணின் பெயர் கீர்த்தனா. இருபத்தைந்து வயது இருக்கும். வெளியூர். திட்டம் போட்ட கம்பெனியிலிருந்து கையில் டேப்லெட்டோடு வந்தாள். வெயிலில் முகம் கன்றியிருந்தது.

"ஜமால் வைண்டிங் ஒர்க்ஸ் இதுதானே மேடம்? ஓனர் இருக்காருங்களா?"

"வெளிய போயிருக்காரு. இப்ப வந்துடுவாரு. குந்துங்க."

"நீங்க?"

"அவருக்கு வேண்டப்பட்டவ. கடையை நான்தான் பாத்துக்கறேன்."

மேஜைமேல் இருந்த மோட்டார்களைப் பார்த்தாள், ஒரு கிராக்கி வந்து கிரைண்டர் வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்தாள், படம் எடுத்தாள், டேப்லெட்டில் தட்டினாள். அப்புறம் பக்கத்துக் கடைக்குப் போனாள். அது என் கடை.

எழுந்து ஓடி 'அதுவும் என்னுதுதான்' என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஆள் இரண்டு கடைக்கும் என்றால் அவள் துருவிக் கேட்பாள், பாயின் விஷயம் வெளியே வந்துவிடும். சரி, இன்னொரு நாள் வருவாள், அப்போது என் கடையில் இருப்போம் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். தணிகாவின் குரல் கேட்டது. "டைப்பு அக்காவா? இப்ப வந்துடும் மேடம், குந்துங்கோ."

அவள் இன்னும் இரண்டு முறை வந்தாள். இரண்டு முறையும் பதினோரு மணி வாக்கில். இரண்டு முறையும் நான் பாயின் ஸ்டூலில் இருந்தேன், எழ மனம் வரவில்லை. தணிகா அதே பதிலைச் சொன்னான்.

டிரஸ்டு ஆபீஸ் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். வரிசை எண் ஆறு, ஜமால் வைண்டிங் ஒர்க்ஸ், இயங்குகிறது. வரிசை எண் ஏழு, என் கடை. உரிமையாளர் காலமானார், கடை மூடல்.

முதலில் சிரிப்புதான் வந்தது. பென்ஷன்காரர்களுக்கு உயிரோடிருக்கிறார் என்று சான்று எத்தனை டைப் செய்து கொடுத்திருப்பேன்! கடைக்குப் போய் எனக்கே ஒன்று டைப் செய்தேன். என் பெயரை அடித்து, 'மேற்படி நபர் இன்றைய தேதியில் உயிருடன் உள்ளார்' என்று முடித்துவிட்டு அந்தக் காகிதத்தைப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

கீர்த்தனா தெருமுனையில் அந்தக் கண்ணாடி மனிதர்களின் பேனருக்கு அடியில் நின்றுகொண்டிருந்தாள். காகிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"மேடம்... டைப்பு அக்கா நீங்களா? நீங்க ஜமால் சார் கடை இல்லையா?"

"ரெண்டும்தான். நான் செத்துட்டேன்னு உனக்கு யாரு சொன்னது?"

அவள் தடுமாறினாள். "யாரும் சொல்லலைங்க. இந்தத் தெருவுல 'இப்ப வந்துடுவாரு'ன்னு சொன்ன கடைக்கெல்லாம் மூணு மூணு தடவை வந்தேன். வாட்ச் கடை, குடைக் கடை, அந்தக் கோடி தையல் கடை. ஒருத்தர்கூட வரலை. வீட்டுக்குப் போய் விசாரிச்சா எல்லாருமே இறந்துட்டாங்க மேடம். அதனால உங்க கடைக்கும்... மன்னிச்சுக்கோங்க. நான் மாத்திடறேன். ஆனா ஒரு கடையை மாத்தினா சூப்பர்வைசர் வந்து உங்க வரிசை முழுக்க மறுபடியும் பார்ப்பாரு. ஓனர் ஒவ்வொருத்தரும் நேர்ல ஆதாரோட நிக்கணும்."

"எல்லாருமா?"

"எல்லாரும். ஜமால் சாரும்தான். அவரை நான் இன்னும் பார்க்கவே இல்லை. அவர் எங்க மேடம்?"

ஹசீனா வெளியே வர இன்னும் பதினாறு நாள் இருந்தது. வாரிசுச் சான்று எந்த மேஜையில் தூங்கிக்கொண்டிருந்ததோ. எனக்கு அப்பா வைத்துவிட்டுப் போன கடை அது. ஐந்து வேஷம் போட்டுக் காப்பாற்றிய கடை. உண்மையைச் சொன்னால் போதும், அது எனக்குத் திரும்பி வந்துவிடும்.

"வெளிய போயிருக்காரு" என்றேன். "இப்ப வந்துடுவாரு."

சொன்ன பிறகுதான், அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இன்னதென்று அவள் ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தானே சொன்னாள் என்று உறைத்தது. அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். கண் கலங்கியது. என் உயிர்ச் சான்றை நாலாக மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள். டேப்லெட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டாள். எதுவும் எழுதவில்லை.

முட்டி உயர ஷட்டர்

இத்தா முடிந்து ஹசீனா கடைக்கு வந்த அன்று தெருவே வாசலில் நின்று பார்த்தது. யாரையும் பார்க்காமல் உள்ளே போய், ஆணியிலிருந்த தொப்பியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். பிறகு அதைப் பைக்குள் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். மாரி கொண்டு வந்த டீயில் சர்க்கரை இருந்தது. சொல்லாமலேயே இருந்தது.

என் கடையை இரண்டு நாளில் இடித்தார்கள். அந்த இடத்தில் இப்போது ஒரு மின்சாரப் பெட்டியும் கிரானைட் பெஞ்சும் இருக்கின்றன. இருப்பதிலேயே நல்ல நிழல் அங்கேதான் விழுகிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் என்ன செய்தேன் என்று ஹசீனாவுக்குத் தணிகா சொல்லியிருக்கிறான். அவள் என்னிடம் நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. தன் கடையில் பாதியைத் துடைத்து, என் மேஜைக்கும் கம்ப்யூட்டருக்கும் இடம் பண்ணிக் கொடுத்தாள். பட்டியலில் மட்டும் நான் இன்னும் காலமானவள்தான். அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்கிறார்கள்.

அந்தச் சத்தத்தைப் பற்றி அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. இந்த வாரம் இங்கே எழுதிவிட்டேன். அவள் இதைப் படிப்பாள். படிக்கட்டும்.

போன மாதம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மத்தியானம் ஹசீனா வீட்டுக்குத் தொழப் போனாள். வெயில் உள்ளே அடிக்காமலிருக்க ஷட்டரை முட்டி உயரத்துக்கு இறக்கிவிட்டுப் போனாள். நான் உள்ளே டைப் செய்துகொண்டிருந்தேன். காலையில் சாப்பிடவில்லை. எழுந்தபோது தலை சுற்றியது. பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் ஸ்டூலுக்குப் பக்கத்தில் விழுந்தேன். பயப்படாதீர்கள், பிறகு ஹசீனா வந்து தூக்கிவிட்டு வாயில் சர்க்கரையைப் போட்டாள், சரியாகிவிட்டது. ஆனால் அவள் வர அரை மணி நேரம் ஆனது.

கன்னம் தரையில் பட்டது. வார்னிஷ் வாடை இன்னும் அங்கே இருந்தது. ஷட்டருக்கு அடியில் வெளிச்சம் ஒரு பட்டையாகத் தெரிந்தது. அதில் இரண்டு செருப்புக் கால்கள் வந்து நின்றன.

"இங்க டைப்படிக்கிற அக்கா ஒண்ணு இருந்துச்சே?"

"இப்ப வந்துடும்" என்றது தணிகாவின் குரல். "அந்த பெஞ்சுல குந்துங்கோ."

இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. கையை நீட்டினேன். விரல் நுனி ஷட்டரைத் தொட்டது. தட்டினேன். தகரம் லேசாக அதிர்ந்தது.

"உள்ள ஏதோ சத்தம் கேக்குதுபா."

"காத்துங்க. கடல்காத்து வந்தா இந்த ஷட்டரு இப்படித்தான் ஆடிகினு இருக்கும்."

செருப்புக் கால்கள் பெஞ்சு பக்கம் நகர்ந்தன. நான் மறுபடியும் தட்டினேன். மூன்றாவது முறை தட்டக் கை எழவில்லை.

பாய், நீங்கள் அன்றைக்கு எத்தனை முறை தட்டினீர்கள்?